ஐரோப்பிய பைக் பயணம்: சத்தமான சைலன்சருக்கு அனுமதி உண்டா?

கோடை வந்தால் ஆல்ப்ஸ் மலைப் பாதைகள் பைக்குகளால் நிறைந்துவிடும். லண்டன், பாரிஸ், சூரிக் நகரங்களில் வாழும் தமிழர்களிலும் அங்கே பைக் ஓட்டப் போகிறவர்கள் உண்டு. கம்பெனி சைலன்சரை மாற்றிவிட்டு எல்லை தாண்டுகிறவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்கள் இவை.

வெளியில் வாங்கிப் பொருத்தும் சைலன்சரே சட்டவிரோதமா?

இல்லை. மாற்று சைலன்சர்களுக்கென்றே ஐ.நா.வின் 92ஆம் எண் விதி இருக்கிறது. அதன்படி அனுமதி பெற்ற சைலன்சரின் உடலில், ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் அனுமதி வழங்கிய நாட்டைக் குறிக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 11 பிரிட்டன். முத்திரை இருந்தால் மட்டும் போதாது. எந்தெந்த மாடல்களுக்கு அந்த அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும். வேறு மாடலுக்கு அனுமதி பெற்றதை உங்கள் பைக்கில் மாட்டினால் முத்திரையால் பயனில்லை. 'பந்தயத்துக்கு மட்டும்' என்ற வகையில் விற்கப்படுபவை பொதுச் சாலைக்கு ஆகாது. பிரிட்டனில் அப்படி எழுதப்பட்ட சைலன்சர் இருந்தால் ஆண்டுச் சோதனையிலேயே பைக் தேறாது.

உள்ளே இருக்கும் 'டிபி கில்லரை' மட்டும் கழற்றிக்கொள்ளலாமா?

கூடாது. சத்தத்தைக் குறைக்கும் அந்தச் சிறு குழாயோடு சேர்த்துத்தான் சைலன்சருக்கு அனுமதி கிடைத்தது. கழற்றிய கணமே அனுமதி போய்விடும்.

சொந்த நாட்டுச் சோதனையில் தேறிய பைக்கை வேறு நாட்டுப் போலீஸ் நிறுத்த முடியுமா?

முடியும். வாகனம் தன் பதிவு நாட்டின் தொழில்நுட்ப விதிகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் அடிப்படை. ஆனால் திறம்பட வேலை செய்யும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்று அதே ஒப்பந்தமும் சொல்கிறது. சாலையில் போட்டிருக்கும் தடைகளோ எந்த நாட்டு நம்பர் பிளேட்டுக்கும் பொதுவானவை.

சட்ட வரம்பு 77 டெசிபல் என்கிறார்கள். என் பைக்கின் பதிவுச் சான்றில் 94 என்று இருக்கிறதே?

அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான். இவை இரண்டும் வெவ்வேறு அளவுகள். பெரிய பைக்குகளுக்கான 77 என்ற வரம்பு, ஓடும் பைக்கின் சத்தத்தை 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. சான்றில் யு.1 என்ற கட்டத்தில் இருப்பது, நின்ற நிலையில் அளந்தது. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி கோணத்தில் மைக்கைப் பிடித்து, யு.2 கட்டத்தில் குறித்துள்ள ஆர்.பி.எம். வரை இன்ஜினை முறுக்கி அளப்பார்கள். இவ்வளவு பக்கத்தில் வைத்தால் எண் கூடத்தான் செய்யும். நின்ற நிலைச் சத்தத்துக்குப் பொதுவான உச்சவரம்பு கிடையாது. இந்த மாடல் இவ்வளவு சத்தம் போடும் என்ற பதிவு அது. சாலையோரத்தில் போலீஸ் அளக்கும்போது அந்த எண்ணைவிட வெகுவாகக் கூடினால், சைலன்சரில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எதையும் மாற்றாத பைக்கையும் ஆஸ்திரியாவில் தடுக்கிறார்களாமே?

உண்மைதான். டிரோல் மாநிலத்தின் ராய்ட்டே மாவட்டத்தில் 2020 ஜூன் 10 முதல் இந்தத் தடை வந்தது. யு.1 கட்டத்தில் 95 டெசிபலுக்கு மேல் இருக்கும் பைக்குகள் லெக்டால், டான்ஹைமர் டால் பள்ளத்தாக்குகள், ஹான்டென்யோக் கணவாய் உள்ளிட்ட சாலைகளில் சீசன் மாதங்களில் போகக் கூடாது. மீறினால் 220 யூரோ அபராதம். அங்கே கணக்கில் வருவது சான்றில் உள்ள எண்தான், மைக்கால் அளப்பதில்லை. ஷோரூமிலிருந்து வந்தபடியே 95ஐத் தாண்டும் பைக்குகள் பல இருக்கின்றன. வாடகை பைக்கும் இதற்கு விலக்கல்ல.

சாலையில் அமைதியாகப் போகும் பைக் நின்ற நிலை எண்ணால் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், இந்த அளவுகோல் துல்லியமானதல்ல என்ற எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் குறுகிய பள்ளத்தாக்கில் சத்தம் இருபுறமும் மலைகளில் மோதித் திரும்பும். வெயிலடிக்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னலை மூடிக்கொண்டு உட்காரும் கிராமத்துக்காரர்களின் பக்கம்தான் நான்.

விதிப்படி வந்த பைக்குகளே எப்படி இவ்வளவு சத்தம் போடுகின்றன?

பழைய சோதனை ஒரு குறுகிய வேக அளவில் மட்டும் நடந்தது. அந்த வேகத்தில் மூடிக்கொண்டு, தாண்டியதும் திறக்கும் வால்வுகளைச் சில தயாரிப்பாளர்கள் பொருத்தினார்கள். யூரோ 4 விதிகளோடு, வேறு வேகங்களிலும் கியர்களிலும் அளக்கும் கூடுதல் சோதனை வந்தது. இந்தக் குறையில் ஓட்டுபவரைவிடத் தயாரிப்பாளரின் பங்கே பெரிது.

பிரான்சில் நிலைமை என்ன?

அனுமதியில்லாத சைலன்சருக்கு 135 யூரோ அபராதம். பைக்கை அங்கேயே நிறுத்திவைக்கவும் போலீசுக்கு அதிகாரம் உண்டு. பிரான்சில் பதிவான பைக்குகளுக்கு 2024 ஏப்ரல் 15 முதல் கட்டாயத் தொழில்நுட்பச் சோதனையும் வந்துவிட்டது. சத்தத்தை வைத்தே வண்டியைக் கண்டுபிடிக்கும் ரேடார்களையும் 2022 முதல் பாரிசிலும் அருகிலும் பரிசோதித்தார்கள்.

சத்தம் இருந்தால்தானே கார்காரர் நம்மைக் கவனிப்பார்?

சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. குறுக்கே வரும் காரோ எதிரே வரும் காரோ முன்னால் இருக்கிறது, கண்ணாடியும் ஏற்றியிருக்கும். பளிச்சென்ற ஜாக்கெட்டும் எரியும் ஹெட்லைட்டும் தரும் பாதுகாப்பைச் சத்தம் தராது.

கிளம்புமுன் என்ன செய்ய வேண்டும்?

பாதையை முடிவு செய்யும் முன் பதிவுச் சான்றை எடுத்து யு.1 எண்ணைப் பாருங்கள். 95ஐத் தாண்டினால் ராய்ட்டே மாவட்டச் சாலைகளைத் தவிர்த்து வேறு வழி தேடுங்கள். மாற்று சைலன்சர் என்றால் அனுமதிச் சான்றின் நகல் கையில் இருக்கட்டும். அனுமதியில்லாத சைலன்சரோடு விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டலாம். கழற்றிய கம்பெனி சைலன்சர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதையே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.