மாவுக்கட்டும் துண்டுச் சுருளும்

சித்தப்பாவுக்குக் கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்தது 1986-ல். முட்டியைப் பிளந்து செய்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது தொடைச்சதை பார்க்கவே பயமாக வற்றியிருந்தது. கபடி போனது போகட்டும், அதன்பிறகு பந்தியில் சம்மணம் போட்டுக்கூட அவர் உட்கார்ந்ததில்லை.

அன்றைக்குப் பெரும்பாலும் அதுதான் வழக்கம். ஆடாமல் இருந்தால்தான் ஜவ்வு பிடிக்கும் என்று நம்பினார்கள். 1990-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டாக்டர் ஷெல்போர்னும் நிட்ஸும் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை அசைத்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல் சீக்கிரமே காலை நீட்டி மடக்கி நடந்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள் என்பதைக் கவனித்து எழுதியது அது.

போன வருடம் அதே கபடியில் அதே ஜவ்வு, சித்தப்பா மகளுக்கு. சின்னத் துளைகள் போட்டு, அவள் தொடையின் பின்பக்கத் தசைநாரையே எடுத்து ஜவ்வாகப் பொருத்தினார்கள். மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டார். குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "முட்டியைக் கட்டிலோடு அமுக்கும்மா" என்றார். அமுக்கினாள். தொடை அசையவே இல்லை. முட்டிக்குள் நீர் கோத்திருந்தால் முன்தொடைச் சதையை நரம்பே அடக்கி வைத்துவிடுமாம். மூன்றாம் நாள், முட்டிச் சில்லுக்கு மேலே சதை லேசாகத் துடித்தது. சித்தப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியம் மாறிவிட்டது, வீடுகள் மாறவில்லை. சித்தி பாசத்தோடு முட்டிக்கடியில் தலையணை வைத்தார். அப்படியே மடங்கிக் கிடந்தால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். அதை எடுக்கவைக்க ஒரு சண்டையே போட வேண்டியிருந்தது.

அதைவிட ஆபத்து மூன்றாம் மாதம். வலி போய்விடும், நடை நேராகிவிடும், பிள்ளை குணமாகிவிட்டதாக ஊரே சொல்லும். உள்ளே பொருத்திய நார் அப்போதும் முழு பலம் பெற்றிருக்காது. 9 மாதத்துக்குமுன் ஆடப் போனவர்களுக்குத்தான் மறுபடி கிழிவது அதிகம். மாதத்தை எண்ணினால் மட்டும் போதாது. அடிபட்ட கால், நல்ல காலின் பலத்தில் 90 சதவீதமாவது தொட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

அவளுக்கு இது ஏழாவது மாதம். தினமும் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுகிறாள். பொங்கல் போட்டிக்குக் கேட்டு வந்தவர்களைச் சித்தப்பாவே திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் அணிக்காரர்களே, ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளைக் கூப்பிடுமுன், தொடை பலத்தை அளந்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.