கிரியாட்டினின் பார்த்தாச்சா, மாமா?

டீ ஆறட்டும், சொல்கிறேன். ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று நீங்களாக வாங்கிய மெக்னீசியம் மாத்திரையால் வயிறு போகிறது என்றீர்களே, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உடம்பில் சேராத மெக்னீசியம் குடலில் தங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மில்க் ஆஃப் மெக்னீசியா வேலை செய்வதே இப்படித்தான். ஆக்சைடு வகை குறைவாகத்தான் சேரும். அதனால் அதில் தொல்லை அதிகம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மெக்னீசியம் கிளைசினேட் 500 மி.கி. என்றால், அதற்குள் இருக்கும் மெக்னீசியம் சுமார் 70 மி.கி.தான். ஆக்சைடு 400 என்றால் 240. மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்சவரம்பு நாளுக்கு 350 மி.கி., ஐரோப்பாவில் 250. சாப்பாட்டில் வருவது இந்தக் கணக்கில் சேராது. அத்தை செய்யும் கேழ்வரகுக் களி தாராளமாக நடக்கட்டும்.

வயிற்றுப்போக்கு, அளவைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். என் கவலை வேறு. மிஞ்சியதை வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது தளர்ந்திருந்தால் மெக்னீசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். குமட்டல், அசதி, தூக்கக் கலக்கம். மேலும் ஏறினால் பிரஷர் இறங்கும், தசை சோரும், மூச்சு அடங்கும். பிரசவ வார்டில் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். பிரஷர் எகிறிய கர்ப்பிணிக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போடும்போது, ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள். கால் உதைக்க வேண்டும். உதைக்காவிட்டால் அடுத்த ஊசி கிடையாது. மூச்சை எண்ணுவார்கள், சிறுநீரை அளப்பார்கள்; முறிமருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வீட்டில் விழுங்குகிற மாத்திரைக்கு முழங்கால் தட்ட யார் இருக்கிறார்கள்?

அத்தையிடமும் சொல்லிவிடுங்கள்: தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி மருந்துகளோடு சேர்ந்து போனால், இது அவற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல்லிலும் பெரும்பாலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு உண்டு, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும், வயதானவர்களுக்குச் சும்மா வரும் இரவுக் குரக்களிக்கு மெக்னீசியத்தால் பெரிய பலன் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. படுக்குமுன் கெண்டைக்காலை நன்றாக நீட்டி இழுத்து விடுங்கள். சர்க்கரைக்காரர் வேறு நீங்கள். அடுத்த தடவை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினையும் சேர்க்கச் சொல்லி, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை டப்பாவைத் திறக்க வேண்டாம்.