நோவின் வாயிற்காவல்

கல்லிலே காலை இடித்துக்கொண்டவன் உடனே குனிந்து அவ்விடத்தைத் தேய்க்கிறான். தேய்த்தால் நோ தணியும் என்பது எவரும் கற்பியாமலே மக்கள் அறிந்த உண்மை. அதன் காரணத்தை விளக்க, கனடா நாட்டு உளவியலறிஞர் மெல்சாக்கும் ஆங்கிலேய உடலியலறிஞர் வோலும் 1965ஆம் ஆண்டிலே ஒரு கொள்கையை வெளியிட்டனர். முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாணிலே ஒரு வாயில் உண்டு. நோச் செய்தி அதனைக் கடந்தே மூளையை அடையும். தொடுகையுணர்ச்சி வந்து சேரும்போது வாயில் ஓரளவு மூடிக்கொள்ளும் என்பதே அக்கொள்கை. அதன் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டனவெனினும் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

அவ்வாயிலைக் காப்பவை சிறு நரம்புக்கலங்கள். அவை காபா, கிளைசீன் என்னும் இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. அப்பொருள்கள் திறவுகோல் எனின், அடுத்த கலத்தின் மேலுள்ள வாங்கிகள் பூட்டு எனலாம். பூட்டுத் திறந்ததும் குளோரைட்டு அயன்கள் உட்புகுகின்றன. கலம் அமைதியுற்று, செய்தியை மேலே அனுப்பாது நின்றுவிடுகின்றது.

இக்காவல் நீங்கினால் நேர்வது யாது? இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எட்டி மரம் அதற்கு விடை தரும். அதன் விதையிலுள்ள ஸ்ரிக்னீன் என்னும் நஞ்சு கிளைசீன் வாங்கிகளை அடைத்துவிடுகின்றது. அந்நஞ்சை உண்டவனுடைய உடல் சிற்றோசைக்கும் வில்லாய் வளைந்து வலிக்கும். முண்ணாணிலே அது சிறிதளவு செலுத்தப்பட்ட எலிகள், மெல்லிய தொடுகையையும் நோவாகக் கொண்டு துடித்தன.

நஞ்சின்றியும் காவல் தளர்வதுண்டு. நரம்பு சிதைந்த எலிகளின் முண்ணாணிலே, கலத்தினுள் குளோரைட்டு மிகுந்துவிடுவதால், காவற்பொருள்கள் வந்தும் பயன் குன்றுவதை 2003ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர்.

அவ்வாறாயின், காபா வாங்கிகளுக்கு வலுவூட்டும் மருந்தைக் கொடுத்தால் போதாதோ எனலாம். டயசிப்பாம் அத்தகைய மருந்தே. ஆயின், அவ்வாங்கிகள் மூளையெங்கும் பரந்திருத்தலால் நோ தணியுமுன் உறக்கம் வந்துவிடும். நாளடைவில் மருந்துக்கு அடிமையாதலும் நேரும். வாங்கிகளுள் பல வகை உண்டு. உறக்கத்துக்குரியவற்றை விடுத்து, நோவை அடக்குவனவற்றை மட்டும் தூண்டும் மருந்தையே அறிஞர் நாடுகின்றனர்.

அக்கி ஆறிப் பல மாதங்கள் சென்றபின்னும், சட்டை உராய்தலைக்கூடப் பொறாது வருந்தும் முதியோர் உளர். புண் ஆறிவிட்டதே, இனி நோ ஏது என்று வீட்டார் அவரை இகழ்தல் முறையன்று. அந்நோ மெய்யானது. புண் ஆறினும் நரம்பின் சிதைவு எஞ்சியிருக்கலாம். வாயிற்காவலின் தளர்வும் அதற்கொரு காரணமெனக் கருதப்படுகின்றது. அவருக்கு முதலில் வேண்டுவது தம் சொல்லை நம்பும் சுற்றம். அடுத்து வேண்டுவது தக்க வைத்தியம்.