தாம்பரத்தில் சுறா வளர்க்க என்ன வேண்டும்?

ஒரு கன அடி கடல்நீர் 29 கிலோ எடை இருக்கும். வீட்டில் சுறா வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்கைத்தான். பத்தடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு தொட்டி என்றால் 125 கன அடி. தண்ணீர் மட்டும் மூன்றரை டன்னுக்கு மேல் வரும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் நான்கு டன்னைத் தாண்டிவிடும். வீடுகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும் என்றுதான் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. இரண்டரை அடி ஆழக் கடல்நீரோ சதுர மீட்டருக்கு 780 கிலோ அழுத்தும். ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். தொட்டி தரைத்தளத்தில், கெட்டித்த மண்ணின் மேல் போட்ட கான்கிரீட்டில்தான் உட்கார வேண்டும்.

தாம்பரம் பக்கத்தில் தரைத்தளம் என்றதும் அடுத்த கேள்வி வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அடையாற்று நீர் வீடுகளுக்குள் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னையின் தென்புறநகரை மூழ்கடித்தது. எடை தொட்டியைக் கீழே இருக்கச் சொல்கிறது, வெள்ளம் மேலே ஏற்றச் சொல்கிறது. இரண்டுக்கும் இசைவாக ஒரே வழி உண்டு: தெருவில் பழைய ஆட்களைக் கேட்டு 2015 வெள்ளக் கோட்டைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டியின் அடிமட்டமும் எல்லா மின் இணைப்புகளும் அந்தக் கோட்டுக்கு மேலே வரும்படி திடமான மேடை கட்டுங்கள். ஆள் உயரத்துக்கு நீர் நின்ற தெரு என்றால் இந்த ஆசையை விட்டுவிடுவதே சரி.

இத்தனை பெரிய தொட்டி எதற்கு? சிறிய சுறா என்று விற்கப்படுவது பெரும்பாலும் குட்டிச் சுறா. அது வளரும். திறந்த கடலில் திரியும் பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விட முடியும். முன்னே போகும்போது வாய்வழி புகும் நீர்தான் செவுளைக் கழுவுகிறது. அவற்றுக்கு எந்த வீட்டுத் தொட்டியும் சிறைதான். மூங்கில் சுறா இனங்கள் வேறு மாதிரி. தரையில் படுத்தபடியே வாயாலும் செவுள் தசைகளாலும் நீரை உள்ளிழுத்து மூச்சு விடுகின்றன. பகலில் பாறை இடுக்கில் கிடந்து இரவில் இரை தேடும். தமிழகக் கரையில் இழுவலையில் அகப்படும் சாம்பல் மூங்கில் சுறா முக்கால் மீட்டர் வரை வளரும். அலங்கார மீன் சந்தையில் அதிகம் பேசப்படும் பழுப்புப் பட்டை மூங்கில் சுறா ஒரு மீட்டரைத் தொடும். அது உடலை வளைத்துத் திரும்ப, தொட்டியின் அகலம் அதன் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உயரம் அதற்கு அவ்வளவாகத் தேவையில்லை. கடைக்காரர்கள் காட்டும் உயரமான, ஒடுங்கிய கண்ணாடித் தொட்டி பார்ப்பவரின் கண்ணுக்காகச் செய்தது.

இந்தச் சுறாக்களை முட்டையிலிருந்தே வளர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. கடலிலிருந்து ஒன்றைக் குறைக்காமல், தொட்டியில் பிறந்ததைத் தொட்டியில் வளர்க்கலாம். முட்டை உள்ளங்கை அளவுக்கு, பழுப்பு நிறத்தில், தோல்பை மாதிரி இருக்கும். விளக்குக்கு எதிரே பிடித்தால் மஞ்சள் கருவோடு ஒட்டிய கரு நெளிவது தெரியும். சில வாரங்களில் உறையின் ஓரங்களில் பிளவுகள் திறக்கும். குட்டி வாலை அசைத்து அசைத்துப் புதுநீரை உள்ளே இழுக்கும். சுமார் நான்கு மாதத்தில் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் குட்டி வெளியே வரும், உடல் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு. முட்டைக்குள் இருக்கும்போதே அது எதிரியை உணர்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். பெரிய மீன் நெருங்கும்போது எழும் மின்புலத்தைப் போன்ற ஒன்றைச் செயற்கையாக உண்டாக்கியதும் கரு வாலாட்டுவதை நிறுத்தியது, மூச்சையும் அடக்கிக்கொண்டது.

அந்த உணர்வு, மூக்கைச் சுற்றியுள்ள ஜெல்லி நிரம்பிய நுண்குழல்களிலிருந்து வருகிறது. தொட்டியில் அது நமக்கொரு பொறுப்பைத் தருகிறது. மோட்டாரில் மின்கசிவு இருந்தால், உலோகக் கம்பி நீரில் தொட்டுக்கொண்டிருந்தால், சுறா அந்த இடத்தையே அண்டாது, சாப்பிடவும் தயங்கும். நல்ல எர்த்திங்கும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யும் சுறாவுக்கு மட்டுமில்லை, உப்புநீரில் கைவிடும் உங்களுக்கும் உயிர்க்காப்பு.

அடுத்து தண்ணீர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் மெரினா கரையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் 1909-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அதற்குக் கடல் எதிரிலேயே இருந்தது. தாம்பரத்தில் இருப்பதோ ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரும் டேங்கர் லாரி நீரும். இரண்டையும் ஆர்.ஓ. செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. மேலே சொன்ன தொட்டிக்கு 3,500 லிட்டர் வேண்டும். மணிக்கு 15 லிட்டர் தரும் வீட்டு ஆர்.ஓ. கருவி இரவு பகல் ஓடினாலும் பத்து நாள் ஆகும். அதில் கடல்மீன் தொட்டிக்கென்றே செய்த உப்புக் கலவையைச் சுமார் 130 கிலோ கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடல்நீரில் மக்னீசியமும் கால்சியமும் இன்னும் பலவும் உண்டு. பிறகு பத்து சதவீத நீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் 13 கிலோ உப்பு. ஆவியாகிக் குறையும் அளவுக்கு மட்டும் உப்பில்லாத நீரை ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை.

கோவளத்திலிருந்து கடல்நீரையே கொண்டுவரலாமே என்று கேட்கலாம். கொண்டுவரலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அதிலும் முட்டுக்காடு முகத்துவாரம் போன்ற இடங்களுக்கு அருகே எடுத்தால் உப்பு குறைந்திருக்கும், சாக்கடையும் கலந்திருக்கும். எந்த நீரானாலும் லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தன்மை இருக்கிறதா என்று அளந்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள்.

சுறா இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? மற்ற கடல்மீன்கள் உடலில் சேரும் உப்பை வெளியேற்றிப் பிழைக்கின்றன. சுறாவும் திருக்கையும் யூரியாவை ரத்தத்தில் தேக்கி, உள்ளே இருக்கும் அடர்த்தியைக் கடல்நீருக்குச் சமமாக வைத்துக்கொள்கின்றன. அதனால் வெண்புள்ளி நோய்க்கு மற்ற மீன்களுக்குச் செய்வதுபோல் உப்பைக் குறைத்து மருத்துவம் பார்க்க முடியாது. அந்த நோய்க்குக் கடையில் தரும் தாமிர மருந்தோ சுறாவைக் கொன்றுவிடும். பித்தளைக் குழாய், தாமிரச் சுருள் எதுவும் நீரைத் தொடக் கூடாது.

தொட்டியில் நீர் நிரம்பியதும் சுறாவை விட்டுவிட முடியாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இறாலும் கணவாயும் மத்தியும் தின்னும் விலங்கின் கழிவு மிக அதிகம் என்பதால் புரதத்தை நுரையாக்கி அகற்றும் கருவி கட்டாயம். நைட்ரேட் நீண்ட நாள் தேங்கினால் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வது தடைபட்டு, தொண்டை வீங்கும். மனிதருக்கு வரும் முன்கழுத்துக் கழலைதான் அது. தொட்டிச் சுறாக்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. நீரை மாற்றுவதில் சோம்பல் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூங்கில் சுறாவுக்கு 24 முதல் 27 டிகிரி நல்லது. மே மாதத்தில் நம் வீட்டுத் தொட்டி நீர் சாதாரணமாக 31 டிகிரிக்குப் போகும். 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்துக்கொள்ளும் கடல்நீர், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான் தாங்கும். எனவே குளிரூட்டி வேண்டும், அது கக்கும் வெப்பம் அறைக்கு வெளியே போக வேண்டும். மின்சாரம் நின்றால் குளிரூட்டியைச் சில மணி நேரம் மறக்கலாம், காற்று மோட்டாரை மறக்க முடியாது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கடந்தபின் புறநகரின் பல பகுதிகளில் மின்சாரம் வர நாள்கணக்கானது. இன்வெர்ட்டர் மட்டும் அதற்குப் போதாது. சிறிய ஜெனரேட்டரும், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் கைவசம் இருக்கட்டும்.

திருக்கை பற்றி என் கருத்து: பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடையில் கிடக்கும் சின்னத் திருக்கைகளில் பல, ஒரு மீட்டர் அகலம் தாண்டும் இனங்களின் குட்டிகள். நீலப்புள்ளித் திருக்கை சிறியதுதான், ஆனால் தொட்டிக்கு வந்ததும் இரையை மறுத்துப் பட்டினி கிடந்து சாவது அதிகம். வாய் வயிற்றுப் பக்கம் இருப்பதால் மணலில் புதைந்தபடி கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியாகத்தான் நீரை இழுக்கும். அதற்கு மெல்லிய மணல் வேண்டும், கூரான சிப்பித்தூள் அடிவயிற்றைக் கீறிவிடும். வால் முள் குத்தினால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காயத்தை அமிழ்த்தி வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருக்கை எப்படித் திரும்புகிறது, எவ்வளவு இடம் கேட்கிறது என்று பார்க்க ஈஞ்சம்பாக்கத்தில் 2019 முதல் இயங்கும் வி.ஜி.பி. மரைன் கிங்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

கடைசியாகச் சட்டம். ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா, திமிங்கலச் சுறா, புதுச்சேரிச் சுறா உள்ளிட்டவையும் பவளப்பாறையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 2022 திருத்தத்தில் பட்டியல் நீண்டது. வாங்கும் முன் விலங்கின் அறிவியல் பெயரை எழுதிக்கொண்டுபோய் வனத்துறையில் கேளுங்கள். அலங்காரத்துக்குப் பவளம் வேண்டாம், சிமென்ட்டில் செய்த குகை போதும். சுறா அடியில் மணலைத் தோண்டும் என்பதால் குகையைத் தொட்டியின் தரையிலேயே பதித்துவிட்டு, அதன்பிறகு மணலைப் போடுங்கள்.