மேட்டு மண் வேறு, பள்ளத்து மண் வேறு

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் சராசரி இருப்பைப் பார்த்துக் கடன் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நாலு ஏக்கர் வாங்கியபோதும் அந்தச் சராசரிப் புத்தி போகவில்லை.

முதல் வருஷம் பத்து இடத்தில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உப்பைக் காட்டும் மின் கடத்துதிறன் 0.9 என்று வந்தது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சீரகச் சம்பா நட்டேன். மேட்டில் பயிர் செழித்தது. கிழக்கே பள்ளத்தில் இலை நுனி கருகி, பாதிக்குப் பாதி சாவி. ஜீவாமிர்தத்தைக் கூட்டி விட்டும் தேறவில்லை. இயற்கை விவசாயமே நமக்குச் சரிப்படாதோ என்று நினைத்துவிட்டேன்.

பக்கத்து வயல் பெரியவர்தான் கேட்டார்: "சார், தண்ணி எங்க போய் நிக்குதோ, உப்பும் அங்கதானே நிக்கும்? பள்ளத்து மண்ணைத் தனியா குடுத்துப் பாத்தீங்களா?"

கொடுத்தேன். மேடு 0.3, நடு 0.8, பள்ளம் 1.6. மூன்றின் சராசரியும் அதே 0.9தான்!

இப்படி ஒரு திசையில் ஏறிக்கொண்டே போவதைத்தான் புவிப்புள்ளியியலில் 'டிரிஃப்ட்', அதாவது போக்கு என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரீகே 1951-ல் வெளியிட்ட கணிப்பு முறையிலிருந்து வளர்ந்த துறை இது. பிரான்சின் ஜார்ஜ் மாதெரோன் அதற்குக் கோட்பாடு அமைத்தார். அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். பக்கத்துப் பக்கத்து மண் ஒத்திருக்கும். தூரம் கூடினால் வித்தியாசமும் கூடும். சாதாரணமாக ஓரளவு தூரத்துக்கு மேல் அது கூடாமல் நின்றுவிடும். நிற்காமல் கூடிக்கொண்டே போனால், அங்கே ஒரு போக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைத் தனியே கணக்கில் எடுக்காமல் சராசரி போடுவது ஏமாற்றம்தான்.

வங்கிக் கணக்கில் சொன்னால், டெபாசிட் வருஷா வருஷம் வளர்வது போக்கு. அறுவடைக்கு ஏறி, பள்ளிக்கூடம் திறக்கும்போது இறங்குவது ஏற்ற இறக்கம். என் வயலில் உப்பு சரிவோடு போவது போக்கு. பழைய குப்பைமேடு இருந்த இடம் மட்டும் கறுத்துக் கிடப்பது ஏற்ற இறக்கம்.

பள்ளத்தில் வடிகால் வெட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். போன போகத்தில் சாவி குறைந்திருக்கிறது. முழுக்கச் சரியாக இன்னும் சில போகம் ஆகலாம்.

நண்பர்களே, அடுத்த மழைக்குக் குடையோடு வரப்பில் நின்று தண்ணீர் ஓடும் திசையைப் பாருங்கள். அந்தத் திசையில் மேடு, நடு, பள்ளம் என்று மூன்று பையில் மண் எடுங்கள். எரு கொட்டிய இடம், வரப்போரம், மரத்தடி வேண்டாம். மூன்று முடிவும் ஒத்துப்போனால், அப்புறம் சராசரி பார்க்கலாம்.