'விண்டோஸ் 11 போட முடியாது'னு லேப்டாப் சொல்லுதா? செக்யூர் பூட்டை ஆன் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த இலவச பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டன. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிடலாம்னு 'பிசி ஹெல்த் செக்' செயலியைத் திறந்தால், 'இந்தக் கணினி செக்யூர் பூட்டை ஆதரிக்க வேண்டும்' என்று ஒரு வரி வந்து நிற்கும். லேப்டாப் பழசாகிடுச்சு போலனு நினைத்து, புதுசுக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு.

அவசரப்படாதீங்க. பல லேப்டாப்புகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கும். அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதே நேரம், ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து நேராக பயாஸுக்குள் போய் ஆன் செய்வதும் ஆபத்து. வரிசை தப்பினால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். உள்ளே இருக்கும் போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் பூட்டிக்கொள்ளலாம்.

செக்யூர் பூட் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ என்ற சிறிய மென்பொருள்தான் முதலில் ஓடும். பழக்கத்தில் நாம் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். அது பூட்லோடரை எழுப்பும், பூட்லோடர் விண்டோஸை எழுப்பும். ஆன்டிவைரஸ் வேலையைத் தொடங்குவது அதற்குப் பிறகு. நடுவில் ஒரு வைரஸ் பூட்லோடர் வேஷத்தில் புகுந்துவிட்டால், ஆன்டிவைரஸ் கண் திறக்கும் முன்பே அது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், பூட்லோடரில் நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்று யுஇஎஃப்ஐ பார்க்கும். இல்லையென்றால் ஓட விடாது.

இதை உடைக்கவே முடியாதா என்றால், அப்படியும் இல்லை. 'பிளாக்லோட்டஸ்' என்ற பூட்கிட் செக்யூர் பூட்டையே தாண்டிவிடுகிறது என்று 2023-ல் ஈசெட் நிறுவனம் விளக்கியது. ஆனாலும் கதவைத் திறந்து போடுவதைவிட பூட்டி வைப்பது மேல்தானே!

முதலில் ப்ராசஸரைப் பாருங்க

இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல். அதைவிடப் பழைய ப்ராசஸர் என்றால் செக்யூர் பூட்டை ஆன் செய்தும் பயனில்லை. பட்டியலில் அது இருக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதுவும் பல லேப்டாப்புகளில் பயாஸில் அணைந்தே கிடக்கும். இன்டெலில் அதன் பெயர் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'.

ப்ராசஸர் சரியாக இருந்தால், விண்டோஸ் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து திறங்க. அதில் 'பயாஸ் மோட்' என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருந்து, 'செக்யூர் பூட் ஸ்டேட்' ஆஃப் என்று இருந்தால் வேலை சுலபம். 'லெகசி' என்று இருந்தால்தான் கவனம் தேவை.

லெகசி எங்கிருந்து வந்தது? லினக்ஸ் போட்டுப் பார்க்க யாரோ மாற்றியிருக்கலாம். கடையில் ஃபார்மேட் அடித்தபோது பழைய முறையிலேயே விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். எப்படியோ, உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் இருக்கும். விண்டோஸ் யுஇஎஃப்ஐ வழியாகத் திறக்க, டிஸ்க் ஜிபிடி அமைப்பில் இருக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றாமல் பயாஸில் மட்டும் மாற்றினால், 'பூட் டிவைஸ் இல்லை' என்று கருப்புத் திரைதான் வரும். பயப்பட வேண்டாம், டேட்டா அப்படியேதான் இருக்கும். மறுபடி லெகசிக்கு மாற்றினால் விண்டோஸ் திறக்கும்.

இதற்காக ஃபார்மேட் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் 10-லேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, முதலில் அதன் 'வேலிடேட்' கட்டளையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அது சரி என்றால் மட்டுமே 'கன்வர்ட்'. மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் வேலிடேட்டிலேயே நின்றுவிடும். மாற்றிய பிறகு லெகசியில் விண்டோஸ் திறக்காது என்பதால், உடனே பயாஸில் யுஇஎஃப்ஐ-க்கு மாற்றிவிட வேண்டும். ஃபார்மேட் இல்லை என்றாலும், முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுக்காமல் இதைத் தொடாதீங்க.

உண்மையான சிக்கல்: பிட்லாக்கர்

மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்யும் பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். பலருக்கு அது தெரியவே தெரியாது. செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதும், யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகித்து, நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. அதனால், வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 'டிவைசஸ்' பகுதிக்குப் போய் அந்தக் கீயை ஒரு பேப்பரில் எழுதி வைங்க. அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பிரயோஜனம் இல்லை! ப்ரோ பதிப்பு என்றால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக 'சஸ்பெண்ட்' செய்துவிடலாம்.

ஆன் செய்வது எப்படி?

லேப்டாப் ஆன் ஆகும்போது டெல், ஏசர், ஏசஸ் என்றால் பொதுவாக எஃப்2, ஹெச்பி என்றால் எஃப்10. லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. உள்ளே 'பூட்' அல்லது 'செக்யூரிட்டி' பகுதியில் லெகசி அல்லது சிஎஸ்எம் என்று இருப்பதை முதலில் அணைக்கணும், பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்து, எஃப்10 அழுத்தி சேமிக்கணும். ஹெச்பியில் மறுமுறை ஆன் ஆகும்போது திரையில் நான்கு இலக்க எண் ஒன்று வரலாம். அதை டைப் செய்தால்தான் மாற்றம் நிலைக்கும். ஏசரில் சில மாடல்களில் அந்த வரி மங்கலாக இருக்கும். 'சூப்பர்வைசர் பாஸ்வேர்டு' ஒன்றை வைத்த பிறகே மாற்ற முடியும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்.

விண்டோஸ் திறந்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'ஆன்' என்று வருகிறதா பாருங்க. பிறகு பிசி ஹெல்த் செக்கை மறுபடி ஓட்டலாம். பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்திருந்தால் திரும்ப இயக்கவும் மறக்காதீங்க.

ஒரு விஷயம் பாக்கி. செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011-ம் ஆண்டு சான்றிதழ்களின் காலாவதி 2026 ஜூனில் தொடங்குகிறது. புதிய 2023 சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. அதனால் அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் அதை இப்போதே திறந்து விடுங்க.