அழகுப் பொருள்களும் ஒளிப்படக் கலையும்

இரத்தினக்கல் வாணிகம் நடைபெறும் பெல்மதுளையில் வாழ்வோர்க்கு ஒளியின் இயல்பைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீலக்கல் ஒன்றைப் பகலொளியிற் பார்ப்பதும் மின்குமிழின் மஞ்சள் ஒளியிற் பார்ப்பதும் ஒன்றாகா. கல் மாறுவதில்லை, ஒளி மாறுகின்றது. சவர்க்காரம், நறுமண எண்ணெய், முகக்களிம்பு முதலிய அழகுப் பொருள்களை விளம்பரத்துக்காகப் படம் பிடிக்கும் கலைக்கும் இவ்வுண்மையே அடிப்படையாகும்.

இக்கலையில் முதலில் எதிர்ப்படும் சிக்கல் பளபளப்பு. கண்ணாடிப் போத்தல் தன்னெதிரே உள்ள சாளரம், கமரா, படம் பிடிப்பவர் ஆகிய யாவற்றையும் தன்மேற் காட்டிவிடும். ஆதலால் விளக்கை நேரே பாய்ச்சாது, இடையே மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு ஒளியை மென்மையாக்குவர். போத்தலின் இரு மருங்கிலும் கறுப்பு மட்டைகளை நிறுத்தினால் அதன் விளிம்பு கோடிட்டாற் போலத் தெளிவுறும். எண்ணெய்ப் போத்தலின் பின்னே அதன் வடிவுக்கேற்ப வெட்டிய வெள்ளைக் காகிதத்தை மறைத்து வைத்தால், எண்ணெய் உள்ளிருந்தே ஒளிர்வது போலத் தோன்றும். சவர்க்காரத்திற் பதிந்த எழுத்துக்கள், பக்கவாட்டில் விழும் ஒளியால் நிழல் பெற்று எடுப்பாகத் தெரியும். விளம்பரங்களில் நாம் காணும் நீர்த்துளிகளிற் பல கிளிசரின் கலந்த நீரே. வெறும் நீர் விரைவில் உலர்ந்துவிடுமாதலால் இவ்வாறு செய்வர்.

எனினும் உத்திகள் மட்டும் கலையாகா. அவற்றின் பின்னே ஒரு கருத்து வேண்டும். அமெரிக்காவில் 1968 இல் தொடங்கப்பட்ட கிளினிக் நிறுவனத்தின் பொருள்களை இர்விங் பென் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் படம் பிடித்தார். அழகியரின் முகத்தைக் காட்டாது, பொருள்களையே முன்னிறுத்தினார். அவற்றுள் ஒன்றில் கண்ணாடிக் குவளையில் ஒரு பற்தூரிகை நின்றது. பல் துலக்குதல் போல முகங் கழுவுதலும் நாளுக்கு இருமுறை செய்யத்தக்க எளிய வழக்கம் என்பதே அப்படத்தின் பொருள். பார்த்தோர் சொல்லின்றியே அதனை உணர்ந்தனர்.

கற்பனை இவ்வாறு பொருளை விளக்கலாம், பொய்யை விற்றலாகாது. பிரித்தானியாவின் விளம்பரத் தர மன்றம் 2011 இல் லொறியால் நிறுவனத்தின் இரு முகப்பூச்சு விளம்பரங்களைத் தடை செய்தது. திருத்தப்பட்ட அப்படங்கள் பூச்சின் உண்மைப் பயனையே காட்டுகின்றன என்பது நிறுவப்படாமையே காரணம். விளம்பரத்தில் உடலின் வடிவத்தையோ தோலையோ திருத்திக் காட்டினால் அதனைக் குறிப்பிட வேண்டுமென நோர்வே நாடு 2022 முதல் சட்டப்படி விதித்துள்ளது.

இஃது எங்கோ மேனாடுகளில் நிகழும் வழக்கு மட்டுமன்று. மேனியை வெளுப்பாக்கும் என விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தோட்டத்தில் நாட்கூலி பெறும் ஒரு பெண், ஒளிரும் முகமொன்றின் படத்தை நம்பி அத்தகைய களிம்பை வாங்குவாளாயின், இழப்பது பணம் மட்டுமோ?

மாணவர்காள்! இக்கலையைத் தொடங்கப் பெருஞ் செலவு வேண்டா. ஒரு சாளரமும், வெள்ளைத் துணியும், கைத்தொலைபேசிக் கமராவும் போதும். மூலிகை எண்ணெயும் சவர்க்காரமும் வீட்டிலேயே செய்து விற்போர்க்கு நல்லதொரு படம் பேருதவியாகும். எடுப்போர்க்கும் அது தொழிலாகலாம். கல்லைப் பகலொளியிற் காட்டி விலை பேசும் நேர்மையான வணிகரைப் போல, பொருளை உள்ளவாறே அழகுறக் காட்டுவீராக.